ஜீர்ணோத்தாரணமும் கலஸ் மகாலும்

பழுதுற்ற ஜினாலயத்தைச் செப்பனிடுதல், புதிதாக ஒன்றை எழுப்புவதினும் சிறந்த புண்ணியம் எனப் போற்றுவது சமண மரபு. ஜீர்ணோத்தாரணம் எனப்படும் அவ்வறம் கோயில்களுக்கு மட்டும் உரியதன்று என்பதற்குச் சென்னைச் சேப்பாக்கத்தில் ஒரு சான்று உள்ளது.

ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1768ஆம் ஆண்டளவில் கட்டிய சேப்பாக்கம் அரண்மனையின் இரு பகுதிகளே கலஸ் மகாலும் ஹுமாயூன் மகாலும். 1855இல் நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசின்றி மறைந்தார். பின்னர் அரண்மனை ஆங்கில அரசின் கைக்கு வந்தது. நவாபுகள் வாழ்ந்த மாளிகை அரசு அலுவலகமாயிற்று. இரு மகால்களுக்கும் இடையில் உயர்ந்த கோபுரத்தை எழுப்பியவர் கட்டடக் கலைஞர் இராபர்ட் சிஷோம்.

2012 ஜனவரியில் கலஸ் மகாலில் பெருந்தீ மூண்டது. மர விட்டங்கள் எரிந்தன, கூரை சரிந்தது. தீயணைக்கச் சென்ற வீரர் ஒருவர் உயிர்நீத்தார். எஞ்சிய சுவர்களையும் இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. எனினும் மீட்பதென்றே முடிவாயிற்று.

மீட்புப் பணி எளிதன்று. பழஞ்சுவர்கள் சுண்ணாம்பால் ஆனவை. ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளிவிடுபவை. அவற்றின்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். ஆகவே கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்த பழைய சுண்ணாம்புக் காரையே தேவைப்பட்டது. மின்கம்பிகளும் குளிர்சாதனமும் இன்றைய அலுவலகத்துக்கு இன்றியமையாதவை. சுவரின் உறுதி குன்றாமல் அவற்றை அமைப்பதும் தனிக்கலை.

இன்று அம்மாளிகையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இயங்குகிறது. நீரும் நிலமும் காற்றும் மாசுறுவதை எதிர்த்து மக்கள் முறையிடும் மன்றம், இடிபடாமல் காக்கப்பட்ட ஒரு கட்டடத்தில் அமைந்தது பொருத்தமே.

மண், நீர், நெருப்பு, காற்று ஆகியவற்றையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு என்பது அருகன் அறம். ஒரு கட்டடத்தை இடித்துப் புதிதாக எழுப்பும்போது மலை உடைகிறது, ஆற்று மணல் அள்ளப்படுகிறது, சூளை எரிகிறது. நிற்கும் சுவரைக் காப்பது அவ்வளவு இம்சையையும் தவிர்ப்பதாகும்.

நம் ஊர்களிலும் பழைய ஜினாலயங்களும் முன்னோர் இல்லங்களும் செப்பனிடுவாரை எதிர்நோக்கி நிற்கின்றன. பூட்டிக் கிடக்கும் வீடு விரைவில் சிதையும். புழங்கும் வீடு நிலைக்கும். பாடசாலையாகவோ நூலகமாகவோ அறக்கட்டளை அலுவலகமாகவோ அவை மீண்டும் பயன்படலாம். கடப்பாரையைக் கையில் எடுக்குமுன், சுண்ணாம்புப் பணி அறிந்த முதிய கொத்தனார் ஒருவரை அழைத்துக் காட்டுவது நம் கடமை.