அடுக்களையில் ஒரு பிறந்தநாள்

பிறந்தநாள் கொண்டாடும் வழக்கம் மேலைநாட்டாரிடமிருந்து நாம் கற்றது என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். அரசன் தான் பிறந்த நாளில் சினம் தணிந்து விழாக் கொள்வதைத் தொல்காப்பியர் ‘பெருமங்கலம்’ என்று பெயரிட்டுப் புறத்திணையியலில் ஒரு துறையாகவே வகுத்துள்ளார். அந்நாளில் மன்னன் வெண்ணிற ஆடை அணிதலின் அது வெள்ளணி நாள் எனவும் வழங்கிற்று. முதலாம் இராசராசன் பிறந்த சதயத் திருநாள் தஞ்சைப் பெரிய கோயிலில் விழாவாக எடுக்கப்பெற்றதைக் கல்வெட்டுகள் கூறும். இன்றும் ஐப்பசிச் சதயத்தன்று தஞ்சையில் விழா நடைபெறுகின்றது.

இவையெல்லாம் அரசர்தம் பிறந்தநாள்கள். ஒரு சாதாரணக் குடும்பத்தில், குழந்தை பிறந்த நாளன்று அடுக்களையில் என்ன வெந்தது என்பதை எந்தக் கல்வெட்டும் பொறித்து வைக்கவில்லை. ஆயினும் எம்மிடம் ஒரு சான்று உள்ளது. எம் தந்தையார் மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தார். அங்கிருந்து வந்த பயணப்படிப் படிவம் ஒன்றின் பின்புறத்தில் எம் அன்னையார் நீல மையால் எழுதி வைத்த குறிப்பு அது. அரசுத் தாளைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியது விதிப்படி தவறே. யாமும் அதே வகைப் பணியில் இருப்பவராதலின், அதனை ஒப்புக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கிறோம். தாளின் தலைப்பு, ‘கேக்கு - குக்கரில்’. அதன் கீழே ஆண்டு, 1987.

இக்குறிப்பு தோன்றிய கதைக்குச் செல்லுமுன் நம் இனிப்பின் பழமையைச் சிறிது காண்போம். கரும்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தோர் அதியமானின் முன்னோர் என ஔவையார் புறநானூற்றின் 99ஆம் பாட்டில் கூறுகின்றார். பெரும்பாணாற்றுப்படை பாகு சேர்த்து அப்பம் சுடும் கூவியரைக் காட்டுகின்றது. ஆண்டாளோ திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் நேர்ந்துகொள்கின்றாள். அக்காரம், வெல்லம், கருப்பட்டி, கற்கண்டு என இனிப்புக்கு நம்மிடம் பெயர்களும் பல. வெள்ளைச் சர்க்கரையைத் திருநெல்வேலிச் சீமையில் ‘சீனி’ என்போம். இந்தியிலும் அதற்கு அதுவே பெயர். சீன நாட்டின் பெயரிலிருந்து வந்த சொல் அது. எம் ஆச்சி, அதாவது தந்தையாரின் தாயார், தில்லிக்கு வந்த புதிதில் நியாயவிலைக் கடையில் எவர் துணையுமின்றிக் கேட்டு வாங்கிய முதற்பொருள் சீனிதான். ஆனால் பக்கத்துக் குடியிருப்பில் இருந்த சென்னைக் குடும்பத்தாரிடம் பொங்கலன்று ‘கொஞ்சம் சர்க்கரை’ கேட்டு, அவர்கள் கொடுத்த வெண்சர்க்கரையைக் கண்டு ஆச்சி திகைத்து நின்றதுண்டு. ஆச்சியின் அகராதியில் சர்க்கரை என்றால் வெல்லச் சர்க்கரை. தமிழரோடு தமிழர் பேசியும் பொருள் மாறிய இடம் அது.

பெயர் எதுவாயினும், இந்த இனிப்புகள் அனைத்தும் கீழிருந்து எரியும் தீயில் ஆனவை. வேகவைத்தல், ஆவியில் அவித்தல், எண்ணெயில் பொரித்தல், கல்லில் சுடுதல் ஆகிய நான்குக்கும் அடுப்பின் மேல் பாத்திரம் இருந்தால் போதும். கேக்குக்கு அது போதாது. மேலும் கீழும் பக்கங்களிலும் ஒரே சீரான வெப்பம் சூழ வேண்டும். மாவுக்குள் உண்டாகும் காற்றுக் குமிழ்கள் விரிந்து நிற்கும்போதே மாவு வெந்து இறுகிவிட வேண்டும். இறுகுமுன் குளிர்காற்றுப் பட்டால் நடுவே குழி விழும். மூடியின் மேல் தணலிட்டுத் தம் போடும் பிரியாணிக்காரர் இந்த நுட்பத்தை அறிவர். எம்மைப் போன்ற சைவக் குடும்பத்து அடுக்களைகளில் அதற்கு வேலை இருந்ததில்லை. இன்று தமிழகத்தில் பேக்கரிக்கு ‘அடுமனை’ என்றும், ஈழத்தில் ‘வெதுப்பகம்’ என்றும் பெயர்ப்பலகை எழுதுகின்றனர். அடுமனை என்பது எல்லாச் சமையற்கூடத்துக்கும் பொதுவான பழஞ்சொல். சூழ நின்று வெதுப்பும் அந்த வெப்பத்தைக் குறிப்பதற்கு ஈழத்தார் சொல்லே பொருத்தமுடையது என்பது எம் கருத்து.

கேக்கை உப்பச் செய்யும் பொருளுக்கும் வரலாறு உண்டு. முற்காலத்தில் ஈஸ்ட்டாலும், முட்டையை நெடுநேரம் அடித்து நுரைக்கச் செய்தும் மாவை எழுப்பினர். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகர மருந்தாளுநர் ஆல்பிரட் பேர்டு என்பார் 1843இல் பேக்கிங் பவுடரை உருவாக்கினார். அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாமையே அதற்குக் காரணம். அந்த அம்மையாருக்கு முட்டையும் ஆகாது என்பதால் முட்டையில்லாக் கஸ்டர்டு பவுடரை அதற்கு முன்பே 1837இல் அவர் செய்திருந்தார். ஒரு வீட்டுப் பெண்ணின் வயிற்றுக் கோளாறு உலகத்து அடுக்களைகளையெல்லாம் மாற்றிவிட்டது. இச்செய்தியை ஆச்சி அறிந்திருப்பின் அந்த வெள்ளைக்காரரை மிகவும் மெச்சியிருப்பார். கேக்கின் மேல் மெழுகுவத்தி ஏற்றும் பழக்கம் செருமானியரிடமிருந்து வந்தது. 1746இல் சின்சென்டார்ஃப் என்னும் பிரபுவின் பிறந்தநாளில் பெரிய கேக்கும் மெழுகுவத்திகளும் இடம்பெற்ற செய்தி பதிவாகியுள்ளது.

நம் நாட்டில் கேக்கு வேரூன்றிய இடங்களுள் தலச்சேரி ஒன்று. அன்று அது சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. பர்மாவில் பிஸ்கட் செய்யக் கற்றுத் திரும்பிய மாம்பள்ளி பாபு என்பார் 1880இல் அங்கே பிஸ்கட் தொழிற்கூடம் தொடங்கினார். அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்தின் உரிமையாளரான பிரவுன் துரை, இங்கிலாந்திலிருந்து வந்த கேக்கு ஒன்றை 1883இல் அவரிடம் கொடுத்து, அதைப் போலச் செய்து தருமாறு கேட்டார் என்பர். பாபு கிடைத்த உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டு செய்து கொடுத்தார். எம் ஊர்ப்பக்கத்துத் தூத்துக்குடியில் முந்திரியும் சீனியும் முட்டை வெண்கருவும் சேர்த்துச் சுடும் மக்ரூன் போர்த்துகீசியர் வழி வந்தது என்பர். ஆச்சி அதை அறிவார், ஆனால் ‘முட்டை போட்டது’ என்ற ஒரே சொல்லால் அது எம் வீட்டு வாயிலிலேயே நின்றுவிடும்.

இனித் தில்லிக்கு வருவோம். தலைநகர் மாறும் அறிவிப்பு 1911இல் வந்தது. புதுதில்லி திறப்புவிழா 1931இல் நிகழ்ந்தது. அலுவலகங்களின் பின்னே தமிழ் எழுத்தர்களும் வந்தனர், 1946இல் தமிழ்ச் சங்கமும் தோன்றிற்று. கன்னாட் பிளேஸில் இருந்த வெங்கர்ஸ் கடையின் கண்ணாடிக்குள் கேக்குகள் காட்சி தந்தன. எழுத்தர் சம்பளத்தில் கண்ணாடிக்கு இப்பால் நின்று காண்பதே பெரும்பாலோர்க்கு இயன்றது. ஆனால் தில்லிப் பேட்டைகளில் வேறொரு நல்ல வழக்கம் இருந்தது. கோதுமை மாவு, நெய், சீனி ஆகியவற்றை நாமே கொண்டுபோய்ப் பேக்கரியில் கொடுத்தால், பிசைந்து பிஸ்கட்டாகச் சுட்டுத் தருவர். கூலி மட்டும் கொடுத்தால் போதும். எம் தந்தையார் அலுமினியத் தூக்கை மிதிவண்டியில் மாட்டிக்கொண்டு அவ்வாறு போய்வருவார். அந்தத் தட்டில் அதற்கு முன் முட்டை பட்டிருக்குமே என்று ஆச்சி ஐயுறவே, அந்தப் போக்குவரவும் நின்றது.

அப்போது யாம் சரோஜினி நகரில் இருந்தோம். எமக்கு ஏழு வயது நிறையும் ஆண்டு. வகுப்பில் எல்லாப் பிள்ளைகள் வீட்டிலும் கேக்கு வெட்டினர், எம் வீட்டிலும் வேண்டும் என்று அடம் பிடித்தோம். மேல்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் அன்னையாருக்கு வழி காட்டினார். பிரஷர் குக்கரின் அடியில் ஓர் அங்குல உயரத்துக்குச் சலித்த மணலைப் பரப்பி, அதன் மேல் ஒரு தட்டை வைத்து, மாவு ஊற்றிய பாத்திரத்தை அதில் இறக்க வேண்டும். மூடியிலிருந்து ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும், தண்ணீர் ஒரு துளியும் கூடாது. முதலில் பத்து நிமிடம் மணல் காய வேண்டும். பின்னர்த் தணிந்த தீயில் முக்கால் மணி நேரம். முட்டைக்கு மாற்றாக ஒரு டப்பா மில்க்மெய்ட். பஞ்சாபில் மோகாவில் 1961இல் தொடங்கிய நெஸ்லே தொழிற்சாலையின் புண்ணியத்தால் அது கேந்திரிய பண்டாரிலேயே கிடைத்தது. தாளில் உள்ளபடி மைதா 250 கிராம், வெண்ணெய் 100 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, ஆப்பச் சோடா அரைத் தேக்கரண்டி.

“ஏளா, இந்த டப்பாக்குள்ள முட்டை கிட்டை கெடக்கா?” என்று ஆச்சி கேட்டதும், அன்னையார் டப்பாவைத் திறந்து காட்டியதும், ஆச்சி ஒரு விரல் தொட்டு நாவில் வைத்துப் பார்த்து, “வெறும் பாலும் சீனியும்தான்” என்று தீர்ப்பளித்ததும் நன்றாக நினைவில் உள்ளன. ஆச்சிக்கு எம் பிறந்தநாள் கார்த்திகை மாதத்து நட்சத்திர நாள். அது ஒன்பது நாள் முன்னரே எண்ணெய்க் குளியலோடும் பருப்புப் பாயசத்தோடும் முடிந்திருந்தது. ஆயினும் பிள்ளைகள் வருகின்றார்களே என்று அன்றும் ஓர் உருளி நிறையப் பாயசம் வைத்திருந்தார்.

அன்னையார் பொறுமையிழந்து இருமுறை மூடியைத் திறந்துவிட்டமையால் கேக்கின் நடுவில் குழி விழுந்தது. குழியில் ஜாம் நிரப்பி மறைத்தார். யாம் மெழுகுவத்தியை ஊதி அணைத்தபோது ஆச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல நாளில் விளக்கை வாயால் அணைப்பதா என்று அவர் வாய்திறந்து சொல்லவில்லை. அடுக்களைக்குள் போய்க் குத்துவிளக்கின் திரியைத் தூண்டிவிட்டு வந்தார். பின்னர்ப் பாயசம் வந்தது. நண்பன் ஒருவன் தம்ளருக்குள் எட்டிப் பார்த்து, “இது தாலா?” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தனர். யாமும் சிரித்தோம். சிரித்ததோடு நில்லாமல், “இதை யாருக்கும் கொடுக்காதீங்க, உள்ள கொண்டு போங்க” என்று ஆச்சியிடம் சொன்னோம். அவர் உருளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் எம்மிடம் எப்போதும் போலவே பேசினார். மேல்வீட்டு அம்மையார் வந்து இரண்டு கிண்ணம் பாயசம் உண்டு, செய்முறையும் கேட்டுச் சென்றதாக அன்னையார் பின்னர்ச் சொல்லக் கேட்டதுண்டு.

மறு ஆண்டு, 1988இல், ஒரு வாரம் முன்னதாகவே ஆச்சி மணலை எடுத்து ஏழு தண்ணீரில் கழுவி மொட்டை மாடியில் காயவைத்தார். பிறந்தநாளன்று குக்கரின் முன் மணை போட்டு அமர்ந்து, கடிகாரத்தைப் பார்த்தபடி, மூடியின் பக்கம் எவரையும் அண்டவிடவில்லை. கேக்கு குழியின்றி மேடாக எழும்பியிருந்தது. நண்பர்கள் புகழ்ந்தனர். அன்று பாயசம் இல்லை. இல்லை என்பது இரவு படுக்கப் போகும்போதுதான் எமக்குப் புலப்பட்டது. ஆச்சியிடம் கேட்கவும் நாணமாக இருந்தது. அடுத்த ஆண்டு அவர் ஊர் திரும்பினார். 1991இல் மறைந்தார். அவர் கையால் பாயசம் உண்ணும் பேறு எமக்குப் பின்னர் வாய்க்கவில்லை.

பணியில் சேர்ந்தபின் எமக்கும் அதே சரோஜினி நகரில் குடியிருப்பு ஒதுக்கப்பட்டது. 2016இல் அந்நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட மைய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பின்னர் யாமும் வேறிடம் பெயர்ந்தோம். அப்போது அன்னையாரின் தகரப் பெட்டியிலிருந்து இத்தாள் வெளிப்பட்டது. கேக்குக் குறிப்பின் கீழ், மடிப்புக்கு அப்பால், பென்சிலால் எழுதிய வேறொரு குறிப்பு இருந்தது. மூன்றாம் வகுப்பு வரை படித்த ஆச்சியின் எழுத்து அது. ‘மேல்வீட்டு அம்மாவுக்கு’ என்று தொடங்குகின்றது. பாசிப்பருப்பு ஒரு ஆழாக்கு, வறுக்கணும். கருப்பட்டி ரெண்டு ஆழாக்கு, தட்டி அளக்கணும். தேங்காய் ஒண்ணு, மூணு பால். மூணாம் பாலில் பருப்பு வேகணும். முதல் பால் விட்டபிறகு கொதிக்கக் கூடாது. இவ்வளவே. அன்னையார் அதை இந்தியில் அந்த அம்மையாருக்குச் சொல்லிக்கொடுத்தாராம். அவர் கேட்டிராவிடில் ஆச்சியின் பாயசத்துக்கு எழுத்துச் சான்றே இருந்திராது.

ஒரே தாளில் இரு கால அளவைகள் இருப்பதும் கருதத்தக்கது. மெட்ரிக் அளவைக்கான சட்டம் வந்தது 1956இல். 1987இலும் மருமகள் கிராமில் எழுதுகிறார், மாமியார் ஆழாக்கில் எழுதுகிறார். ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ 168 மில்லிலிட்டர். எம் மகளின் பள்ளிக் கணக்குக்கு இது நல்ல பயிற்சியாயிற்று.

மகளின் பிறந்தநாள் கேக்கு இப்போது தொலைபேசி வழியே வீடு வந்து சேர்கின்றது. அதில் எமக்குக் குறையொன்றும் இல்லை. அவள் நட்சத்திர நாளன்று மட்டும் அப்பென்சில் குறிப்பை முன்வைத்து யாமே பாயசம் வைக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் அன்னையார் சுவைத்துப் பார்த்துவிட்டு, “ஆச்சி சுக்குத் தட்டிப் போடுவா” என்கிறார். தாளில் சுக்கு இல்லை. ஒருமுறை சுக்கு இட்டுக் கொடுத்தபோது, “இல்லை, ஏலம்தான் போட்டிருப்பாளோ” என்றார். சென்ற ஆண்டு மகள் அந்த மணல் கேக்கைச் செய்து பார்க்க வேண்டும் என்றாள். ஆச்சி கழுவிக் காயவைத்த மணல் பழைய பிஸ்கட் டின் ஒன்றில் இன்னும் இருக்கின்றது. அன்னையார் டின்னைத் திறந்து, ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் வழியவிட்டுப் பார்த்து, சல்லடையை எடுத்துவரச் சொன்னார்.