பறையைக் கீழே வைத்தவர்களும் கையில் எடுத்தவர்களும்



சென்ற ஆண்டு நம் கூடுகை பறை முழக்கத்தோடு தொடங்கியது. ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்திருந்த இளைஞர்கள் எழுந்து ஆடினார்கள். கடைசி வரிசையில் இருந்த முதியவர்கள் சிலர் எழவில்லை. தோல் ஷாப்பில் வாழ்நாளைக் கழித்த ஒருவர் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டார்: "இத விடுறதுக்குத்தானே நாங்க அடி வாங்கினோம். நீங்க எதுக்குப்பா திரும்ப எடுத்தீங்க?"

அன்றைக்கு அவருக்கு எங்களால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த உரை அவருக்கான பதில்.

பறையின் பழமையைச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்த முடியாது. தொல்காப்பியம் நிலந்தோறும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையை வைக்கிறது. பறைதல் என்றால் சொல்லுதல் என்ற பொருளை எடுத்துக்கொண்டு, உண்மையை வெளியே சொன்னவர்களே பறையர் என்று அயோத்திதாசப் பண்டிதர் வாதிட்டார். இவை நமக்குத் தெம்பு தரும் செய்திகள்தாம். ஆனால் அந்த முதியவரின் தகப்பனார் அடித்த பறை இலக்கியத்தில் உள்ள பறை அல்ல. ஊரில் சாவு விழுந்தால் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டிய பறை. சாமி புறப்பாட்டுக்கு முன்னே அடித்துக்கொண்டு போய், கோயில் வாசலுக்கு வெளியே நின்றுவிட வேண்டிய பறை. தெருத்தெருவாகத் தண்டோரா போட வேண்டிய பறை. அறுவடைக் களத்தில் கிடைக்கும் தானியமும், சாவு வீட்டில் கிடைக்கும் சோறும், துணியும், சாராயமும் அதற்குக் கூலி. எவ்வளவு என்பதை ஊர் முடிவு செய்யும். வர முடியாது என்று சொல்லும் உரிமை மட்டும் அடிப்பவருக்குக் கிடையாது.

தொழில் என்று பார்த்தால் அது நுட்பமானது. கன்றுத் தோலைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மரச் சட்டத்தின் மேல் புளியங்கொட்டைப் பசை தடவி இழுத்து ஒட்டி, வெயிலில் உலர்த்த வேண்டும். அடிக்கும் முன்பு வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்ச வேண்டும். அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் கையில் வந்தால் சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி. இத்தனை வித்தையும் ஒரு சாதியின் கடமையாகச் சுருக்கப்பட்டதால், வித்தை தெரிந்தவருக்கு மரியாதை வரவில்லை, தீட்டுதான் வந்தது.

நம் பாலாற்றங்கரையில் இந்தக் கதை ஒரு திருப்பம் எடுத்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை என்று ஆற்றோடு தோல் பதனிடும் கூடங்கள் வளர்ந்தன. முதலில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும், பின்னாளில் குரோம். முஸ்லிம் வணிகர்கள் முதல் போட்டார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கவும், சதை சீவவும், ஈரத் தோலைத் தூக்கவும் பெரும்பாலும் சேரியிலிருந்தே ஆட்கள் போனார்கள். சாதி நம்மை எந்தப் பொருளோடு கட்டிப்போட்டதோ அதே பொருள்தான் அங்கேயும். ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது: கூலி பணமாக வந்தது. அது நிலக்காரர் வீட்டுத் திண்ணையிலிருந்து வரவில்லை. கோலார் தங்கவயலுக்குப் போனவர்களுக்கும், இரயில்வேயில் சேர்ந்தவர்களுக்கும் இதே அனுபவம்தான்.

பணக்கூலியோடு அரசியலும் வந்தது. 1898இல் அயோத்திதாசர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் தங்கவயலின் மாரிகுப்பத்திலும் நம் திருப்பத்தூரிலும் இயங்கின. 1927இல் மகாடில் கூடிய மக்களிடம், செத்த மாட்டை இழுக்காதீர்கள், அதன் இறைச்சியை உண்ணாதீர்கள் என்றார் அம்பேத்கர். 1942இல் ஷெட்யூல்டு வகுப்பினர் கூட்டமைப்பு உருவானபோது அதன் தலைவரானவர் நம் என். சிவராஜ். 1957இல் குடியரசுக் கட்சி பிறந்தபோதும் அவரே முதல் தலைவர். அந்தக் கட்சிகளின் நீலக்கொடி வட ஆற்காட்டுச் சேரிகளில் ஏறியபோது, கூடவே ஒரு முடிவும் வந்தது: இனி ஊர்ச் சாவுக்குப் பறை அடிப்பதில்லை.

மறுத்த இடங்களில் என்ன நடந்தது என்பதை நம் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். நில வேலை நிறுத்தப்பட்டது. கடையில் சாமான் மறுக்கப்பட்டது. மாடு மேய்க்க வழி அடைக்கப்பட்டது. அந்த நாள்களில் அடுப்பெரியக் காரணம், வீட்டில் ஒருவராவது தோல் ஷாப்புக்குப் போனதுதான். தோல் தந்த கூலிதான் தோற்கருவியைக் கீழே வைக்கும் துணிவைத் தந்தது. நம் பகுதியின் கலை வரலாற்றில் இதைவிடப் பெரிய நிகழ்வு இல்லை என்று நாங்கள் நினைக்கிறோம். ஓசை நின்றதும் கலை வரலாற்றில் அடங்கும்.

தோல் ஷாப் விடுதலை தந்துவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. பாலாறு என்ன ஆனது என்பதை 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே சொல்கிறது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் மாண்டார்கள். ஒரு கட்டிலிருந்து விடுபட இன்னொரு விலை கொடுத்தோம்.

அடுத்த கட்டம் 1980களிலும் 90களிலும் வந்தது. கே.ஏ. குணசேகரன் தன்னானே கலைக்குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். மதுரை இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, தேவாலயங்கள் பேய்க் கருவி என்று ஒதுக்கிய பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். அங்கிருந்த தலித் ஆதார மையம் தலித் கலைவிழாக்களை நடத்தியது. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையை இடுப்பில் கட்டினார்கள். ஆணின் கடமையாகவும் சாவின் ஓசையாகவும் இருந்தது, பெண்ணின் கையில் வேறு பொருள் பெற்றது. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய அந்த ஆண்டுகளில் நம் மாவட்டமே வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றிருந்தது. அந்தப் பெயர் பிறகு எடுக்கப்பட்டது. பறை நம் மேடைகளில் தங்கிவிட்டது.

இப்போது அந்த முதியவரின் கேள்விக்கு வருவோம். ஐயா, நீங்கள் கீழே வைத்ததால்தான் நாங்கள் எடுக்க முடிந்தது. "மாட்டேன்" என்று சொல்ல முடிந்த பிறகுதான் "அடிக்கிறேன்" என்பதற்குப் பொருள் வந்தது. மறுப்பும் மீட்பும் எதிரெதிர் அல்ல. இரண்டும் ஒரே உரிமை: யாருக்காக, எப்போது, என்ன கூலிக்கு அடிப்பது என்பதை அடிப்பவரே முடிவு செய்யும் உரிமை.

இதை அளவுகோலாக வைத்து இன்றைய விழாக்களைப் பார்க்க வேண்டும். 2018 ஜனவரியில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் மேடை ஏறியது. 2020 முதல் மார்கழியில் மக்களிசை நடக்கிறது. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் தண்டோரா போடும் வழக்கத்துக்குத் தடை விதிக்கத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். எல்லாம் மகிழ்ச்சிக்குரியவை. ஆனால் மேடையில் கைதட்டு வாங்கும் பறை, மறுநாள் ஏதோ ஒரு கிராமத்தில் மறுக்க முடியாத ஒருவரின் தோளில் தொங்குகிறது.

குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வருகிறது. அதன் பின்னே உள்ள ரேணுகை கதை நமக்குத் தெரியும். வெட்டுண்ட தலை சேரிப் பெண்ணின் உடலோடு சேர்கிறது. தலையை ஊரே வணங்குகிறது, உடல் யாருடையது என்று கேட்பதில்லை. பறையை வணங்கிப் பறை அடிப்பவரை மறக்கும் விழாவும் அப்படித்தான்.

ஊர்க்கலை, ஊர்ச்சுவை என்று அரசு விழா எடுக்கும்போதும் இதே கேள்வி எழுகிறது. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டிறைச்சிக்கும் பன்றியிறைச்சிக்கும் அதில் இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மாட்டின் தோலால் பிழைக்கும் ஊரின் விழாவில் மாட்டின் கறிக்குத் தீட்டு! விழாவில் யாரைச் சேர்ப்பது என்பதும் அரசியல்தான்.

ஆகவே மாணவ நண்பர்களிடம் மூன்று வேலைகளை வைக்கிறோம். ஒன்று, நம் மேடைக்கு அழைக்கும் கலைஞருக்குக் கூலியை முன்கூட்டிப் பேசி முழுதாகக் கொடுங்கள். அவர் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டு, கட்டாயப் பறை இன்னும் நடக்கும் ஊர்களைக் கணக்கெடுங்கள். அரசமைப்பின் 23ஆம் கூறு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதைக் குற்றமாக்குகிறது. பிணம் சுமக்கவும் குழி தோண்டவும் கட்டாயப்படுத்துவது 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வெளிப்படையாகவே இடம்பெற்றது. மூன்று, பறையை விட்டவர்களின் கதையைப் பதிவு செய்யுங்கள். அடித்தவர்களைப் பற்றி இப்போது புத்தகமும் படமும் வருகின்றன. அடிக்க மறுத்துப் பட்டினி கிடந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இந்த ஆண்டும் பறை முழங்கும். அதற்கு முன் அந்த முதியவரையும் அவர் தோழர்களையும் கடைசி வரிசையிலிருந்து மேடைக்கு அழைத்து, பறையை ஏன் கீழே வைத்தார்கள் என்று பேசச் சொல்வோம். அவர்கள் பேசி முடித்த பிறகு வைக்கோலைக் கொளுத்துவோம்.

ஜெய்பீம்.