தாமான் கயிறு

ஈப்போ வட்டாரத் தோட்டங்களில் கப்பலேறி வந்த கதையைக் கேட்டால், முதியவர்கள் வாயில் 'ரஜுலா' என்ற பெயர்தான் முதலில் வரும். 1926-இல் கட்டப்பட்ட அது நீராவிக் கப்பல். அதற்கு முந்தி வந்தவர்களை நாம் மறந்துவிடுகிறோம். கோலகங்சாரில் 1877-இல் ரப்பர்க் கன்று நடப்படுமுன்பே, கரும்புத் தோட்டங்களுக்கென்று பலர் நாகப்பட்டினத்திலிருந்து பாய்க்கப்பலில் வந்து பினாங்கில் இறங்கினார்கள்.

பாயை ஏற்றிவிட்டால் கப்பல் தானே ஓடும் என்று எண்ணுகிறோம். அப்படியன்று. பாயின் கீழ்மூலையில் கட்டிய கயிற்றுக்குத் தாமான் என்று பெயர். காற்று பின்னாலிருந்து வீசினால் அதைத் தளர்த்த வேண்டும்; பக்கவாட்டில் வீசினால் இழுத்துப் பிடிக்க வேண்டும். மிகவும் தளர்ந்தால் பாய் படபடக்கும், ஓட்டம் குறையும். அளவுக்கு மீறி இறுக்கினாலோ கப்பல் சாயும். திடீரென்று சூறை அடித்தால் அந்தக் கணமே விட்டாக வேண்டும். ஆகவே தாமானை முடிச்சுப் போட்டு வைப்பதில்லை. நொடியில் கழலும்படி சுற்றித்தான் வைப்பார்கள். உப்புநீரில் ஊறிய கயிறு உள்ளங்கையை அறுத்துவிடும்.

கீழ்த்தட்டில் சுருண்டு கிடந்த நம் பூட்டன்மார் அந்தக் கயிற்றைக் கவனித்திருப்பார்களா? மேலே, இருட்டிலும் மழையிலும், யாரோ ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.