ஆதிக்கப் போட்டியும் மதுரைக் கோட்டையும்



வல்லரசுகளின் பகைமை பெரும்போராக மூளுவது எவ்வாறு என்று ஆராயப் புகுவோர் பெரும்பாலும் ஐரோப்பியப் போர்க்களங்களையே எடுத்துக்காட்டுவர். நாம் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இன்று மதுரை மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட எங்கள் அவனியாபுரத்திலிருந்து வடக்கே நகருக்குள் சென்றால், வெளி வீதிகளை அடைகிறோம். பழைய மதுரைக் கோட்டையின் மதிலும் அகழியும் இருந்த பகுதி அது. 1840ஆம் ஆண்டை ஒட்டிக் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த மதிலைச் சுற்றி 1763, 1764ஆம் ஆண்டுகளில் நடந்த முற்றுகைக்கு வித்து எங்கோ தொலைவில், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே இருந்த போட்டியில் விழுந்தது. அந்த வித்து முளைத்த வகையைப் படிப்படியாகக் காண்போம்.

முதற்படி வாணிகம். ஆங்கிலேயர் சென்னையிலும் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியிலும் துணி வாங்கிக் கப்பலேற்றி வந்தனர். இருவரும் நாடிய சரக்கு ஒன்றே. நாடிய சந்தையும் ஒன்றே. ஒருவர் கோட்டையை வலுப்படுத்தினால், மற்றவர் அதனைத் தம்மேல் எடுக்கப்போகும் படைக்கு அறிகுறியாகக் கொண்டு தாமும் வலுப்படுத்துவர். பாதுகாப்புக்கென்று ஒருவர் செய்தது மற்றவருக்கு அச்சமாயிற்று. ஐரோப்பாவில் ஆஸ்திரிய நாட்டு அரசுரிமை பற்றிப் போர் மூண்டதும், அச்சம் போராக வெடித்தது. 1746 செப்டம்பரில் லா பூர்தொனே என்னும் பிரெஞ்சுத் தளபதி சென்னையைக் கைப்பற்றினார். தம் நாட்டில் இவ்வாறு நடப்பதைக் கண்டு ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் தம் மகன் மாபூசுகானைப் பெரும்படையுடன் அனுப்பினார். அடையாற்றங்கரையில் சில நூறு வீரரே கொண்ட பிரெஞ்சுப் படை அப்பெரும்படையைச் சிதறடித்தது. பயிற்சி பெற்ற சிறுபடை ஒன்றைக் கொண்டு அரசுகளையே ஆக்கவும் அழிக்கவும் இயலும் என்னும் ஆசை அன்றுதான் வேர்விட்டது.

1748இல் ஐரோப்பாவில் உடன்படிக்கை ஏற்பட்டது. வட அமெரிக்காவில் உள்ள லூயிபர்க் கோட்டையைப் பிரான்சு திரும்பப் பெற்றுக்கொண்டு, சென்னையை இங்கிலாந்துக்குத் திருப்பிக் கொடுத்தது. கண்காணாத பனிநாட்டுக் கோட்டைக்குச் சென்னை விலையாயிற்று! ஆனால் ஓலையில் பிறந்த அமைதி உள்ளத்தில் பிறக்கவில்லை.

இரண்டாம் படி, பிறர் வீட்டுப் பூசலில் புகுதல். ஐதராபாத்து நிசாம் 1748இல் இறந்தார். வாரிசுரிமைப் போட்டி எழுந்தது. ஆர்க்காட்டிலும் அவ்வாறே. சந்தா சாகிபுக்குப் புதுச்சேரி கவர்னர் தூப்ளே துணை நின்றார். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் மாண்டார். அவர் மகன் முகம்மதலி திருச்சிராப்பள்ளிக்கு ஓட, ஆங்கிலேயர் அவருக்குத் துணையாயினர். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது நம் பழமொழி. இங்கே கூத்தாடிகளும் இருவர். ஊர்ப் பிளவு ஆறாதபடி பார்த்துக்கொள்வது இருவருக்குமே ஊதியமாயிற்று. இதில் நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 1749 முதல் 1754 வரை ஐரோப்பாவில் இவ்விரு நாடுகளும் சமாதானத்தில் இருந்தன. நம் நாட்டிலோ, துணைப்படை என்ற பெயரில், அவ்விரு நாட்டு வீரரும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தனர்.

மூன்றாம் படியில் சிறுபொறிகள் கூடிக் காட்டுத்தீ ஆகின்றன. 1754இல் தூப்ளேயைத் திரும்ப அழைத்துக்கொண்டு பிரான்சு இணக்கம் பேசியது. போட்டிக்குரிய காரணம் ஒன்றையும் அவ்விணக்கம் நீக்கவில்லை. 1756இல் ஏழாண்டுப் போர் தொடங்கியது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் இந்தியாவும் ஒரே போரின் களங்களாயின. லாலி என்னும் தளபதி 1758 டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டார். வந்தவாசியில் 1760 ஜனவரியில் அவர் தோற்றார். மறு ஆண்டு புதுச்சேரி வீழ்ந்தது.

இப்போரில் மதுரை பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். 1755இல் கர்னல் எரான் தலைமையில் கம்பெனிப் படை வரி தண்டத் தெற்கே வந்தது. வழியில் கோயிலொன்றைச் சூறையாடித் தெய்வத் திருமேனிகளைக் கவர்ந்துசென்றது. அக்கோயில் திருமோகூரே என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். படை திரும்புகையில் நத்தம் கணவாயில் கள்ளர் மரபினர் அதனைத் தாக்கித் திருமேனிகளை மீட்டனர்.

அடுத்தது யூசுபுகானின் வரலாறு. இராமநாதபுரச் சீமையிற் பிறந்து, கம்பெனிச் சிப்பாய்களின் தளபதியாக உயர்ந்தவர் அவர். சென்னை முற்றுகையின்போது லாலியின் படையை வெளியிலிருந்து அலைக்கழித்து ஆங்கிலேயருக்குப் பேருதவி புரிந்தார். பின்னர் மதுரையையும் திருநெல்வேலியையும் ஆளும் பொறுப்பைப் பெற்றார். நவாபு முகம்மதலிக்கும் அவருக்கும் பகை முற்றியபோது, கம்பெனி நவாபின் பக்கமே நின்றது. யூசுபுகான் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்.

ஐயோ, அக்கொடிக்குப் பின்னே நிற்க யாருமில்லை! 1763 பிப்ரவரியிலேயே பாரிசு நகரில் உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. பிரான்சு புதுச்சேரியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, முகம்மதலியே கருநாடகத்தின் உரிமையுள்ள நவாபு என ஒப்புக்கொண்டது. நம் நாட்டின் அரசர் யார் என்பதைப் பாரிசில் எழுதிமுடித்தார்கள்! அவ்வாண்டிலேயே நவாபின் படையும் கம்பெனிப் படையும் மதுரையை வளைத்துக்கொண்டன. மழைக்காலத்தில் பின்வாங்கிய படை மீண்டும் வந்தது. 1764 ஜூனில் நடந்த பெருந்தாக்குதலையும் கோட்டை முறியடித்தது. பசியே அதனை வென்றது. அக்டோபர் 13ஆம் நாள் உடனிருந்தோரே யூசுபுகானைப் பிடித்துக் கொடுத்தனர். 15ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கமான இடம் இன்றும் உள்ளது.

தளபதிகளின் பெயர்களை ஏடுகள் குறித்துவைத்தன. முற்றுகைக்கு வந்த படைக்கு நெல்லையும் வைக்கோலையும் மாட்டையும் இழந்த சுற்றுவட்டாரக் குடியானவன் பெயரை எவரும் குறிக்கவில்லை. கண்மாய்ப் பாசனத்தை நம்பி வாழும் எங்கள் சமவெளிக்கு ஒரு பருவ விளைச்சல் போவது என்றால் என்ன பொருள் என்பதை நான் விரிக்க வேண்டுவதில்லை. போர்ச் செலவால் கடனாளியான நவாபு குடும்பம், 1801இல் ஆட்சியையே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது.

இவ்வரலாறு பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் செர்மானியக் கப்பல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. பெயர்கள் மாறின, முறை மாறவில்லை. அச்சம் படையைப் பெருக்கும். பெருகிய படை அச்சத்தைப் பெருக்கும். சிறிய நாட்டின் பூசல் பெரிய நாட்டின் மானப்பிரச்சினையாகும். இணக்கமோ காரணத்தைத் தொடாமல் கையெழுத்தை மட்டும் வாங்கும்.

ஆதலால், நாளிதழில் இரு வல்லரசுகளின் பிணக்கைப் படிக்கும்போது, யார் வெல்வார் என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். இவர்கள் யாருடைய வீட்டுக்குள் நின்று சண்டையிடுகிறார்கள், அவ்வீட்டாருக்கு இறுதியில் எஞ்சுவது என்ன என்றும் கேளுங்கள். வரலாறு பயிலும் மாணவர் கேட்டுப் பழக வேண்டிய கேள்வி இதுவே என்பது என் கருத்து.