எட்டுப் பெட்டிகளின் ரகசியம்

கம்ப்யூட்டர் பிரிவில் படித்த நண்பர்கள் 'டெஸ்' படத்தைப் பரீட்சைக்காக வரைந்து வரைந்து கை ஓய்ந்திருப்பீர்கள். அதிலுள்ள எட்டு 'எஸ்-பெட்டி'களுக்குப் பின்னே ஒரு கதை உண்டு.

பொது உபயோகத்துக்கு ஒரு சங்கேத முறை வேண்டுமென அமெரிக்கத் தர நிர்ணய அலுவலகம் 1973-இல் அறிவித்தது. ஐ.பி.எம்.மின் ஹார்ஸ்ட் ஃபைஸ்டல் உருவாக்கிய 'லூசிஃபர்' முறையைத் திருத்தி அந்நிறுவனம் கொடுத்தது. 64 பிட் செய்தியை இரு பாதியாக்கி 16 சுற்று கலக்க வேண்டும். சுற்றுக்கு ஒரு பாதி, சாவியோடு கலந்து பெட்டிகளுக்குள் போகும். 6 பிட் நுழைந்தால் 4 பிட் வெளிவரும். அது மறுபாதியை மாற்றும். சுற்றுச் சாவிகளைத் தலைகீழாகக் கொடுத்தால் அதே இயந்திரம் செய்தியைத் திருப்பித் தந்துவிடும். என்ன அழகான யோசனை!

1977-இல் இது அரசுத் தரமானது. ஆனால் பெட்டிகளுக்குள் ஏன் அந்த எண்கள்? யாரும் வாயைத் திறக்கவில்லை. என்.எஸ்.ஏ. உளவு அமைப்பும் தலையிட்டிருந்ததால், "உள்ளே கள்ளவழி வெச்சிருப்பாங்க" என்று பேச்சு கிளம்பியது. நியாயமான சந்தேகம்தான்.

1990 வாக்கில் இஸ்ரேலின் பிஹாமும் ஷமீரும், செய்திகளுக்கிடையிலான வித்தியாசங்களைத் தொடர்ந்து சென்று சங்கேதத்தை உடைக்கும் வழியை வெளியிட்டார்கள். வேறு சில முறைகள் சுலபமாகச் சரிந்தன, டெஸ் தாக்குப்பிடித்தது. 1994-இல் ஐ.பி.எம்.மின் டான் காப்பர்ஸ்மித் விஷயத்தை உடைத்தார். 1974-லேயே அந்த வழி அவர்களுக்குத் தெரியுமாம்! அதைத் தாங்கும்படிதான் எண்களைப் பொறுக்கினார்கள். என்.எஸ்.ஏ.வோடு பேசியபின் வெளியே சொல்லாமல் வைத்துக்கொண்டார்கள்.

நிஜமான பலவீனம் எல்லோர் கண்முன்னும் இருந்தது: வெறும் 56 பிட் சாவி. போதாது என்று டிஃபியும் ஹெல்மனும் 1977-லேயே எழுதினார்கள். 1998-இல் இரண்டரை லட்சம் டாலருக்குள் செய்த ஓர் இயந்திரம் 56 மணி நேரத்தில் சாவியைக் கண்டுபிடித்தது. 2005-இல் டெஸ் தரத்தை விலக்கிக்கொண்டார்கள்.