பாரிஸ் தீர்ப்பு (1976): பெயர் மறைத்த கோப்பைகளின் வரலாறு

பாரிஸ் தீர்ப்பு என்பது 1976ஆம் ஆண்டு மே 24 அன்று பாரிஸ் நகரின் இன்டர்கான்டினென்டல் ஓட்டலில் நடந்த ஒயின் சுவைப்புப் போட்டியைக் குறிக்கும். பிரான்ஸ் நாட்டின் பெயர்பெற்ற ஒயின்களும் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து ஒயின்களும் பெயர் தெரியாதபடி மறைக்கப்பட்டு, ஒன்பது பிரெஞ்சு நடுவர்களின் முன் வைக்கப்பட்டன. வெள்ளை ஒயின், சிவப்பு ஒயின் ஆகிய இரு பிரிவுகளிலும் கலிபோர்னியாவே முதலிடம் பெற்றது. ஒயின் வணிகத்தின் வரலாற்றை மாற்றிய நிகழ்வாக இது கருதப்படுகிறது. மதுப்பழக்கம் இல்லாதவர்களுக்கும் இதில் கற்க ஒரு பாடம் உண்டு. ஒரு பொருளின் பெயரை மறைத்துவிட்டால் அதைப் பற்றிய நம் தீர்ப்பு எவ்வளவு மாறும் என்பதே அந்தப் பாடம்.

பெயர் மறைத்துச் சுவைத்தல்

புட்டியின் மேலுள்ள பெயர்ச்சீட்டைப் பார்க்காமல் ஒயினைச் சுவைத்து மதிப்பிடும் முறைக்குப் பெயர் மறைத்துச் சுவைத்தல் எனலாம். புட்டிகள் துணியிலோ காகிதப் பையிலோ சுற்றப்படும். அல்லது ஒயின் வேறு புட்டிக்கு மாற்றப்படும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மட்டுமே தரப்படும். சுவைப்பவர் முதலில் நிறத்தைப் பார்ப்பார், பிறகு மணத்தை முகர்வார், அதன்பின் ஒரு வாய் எடுத்து நாக்கில் சுழற்றிச் சுவையை அறிவார். பல ஒயின்களை அடுத்தடுத்துச் சுவைக்கும்போது போதை ஏறாமலிருக்க, பக்கத்தில் வைத்திருக்கும் கலத்தில் துப்பிவிடுவது வழக்கம். இடையிடையே தண்ணீரும் ரொட்டியும் எடுத்து நாக்கைத் துடைத்துக்கொள்வர்.

நம் ஊர்ப் பொதுத் தேர்வுகளில் விடைத்தாளின் பதிவெண்ணை மறைத்துத் திருத்தக் கொடுப்பதும் இதே நோக்கத்தில்தான். திருத்துபவர் நேர்மையற்றவர் என்பதால் அப்படிச் செய்வதில்லை. பெயர் தெரிந்தால் நேர்மையானவரின் கையும் தன்னை அறியாமல் சற்றே சாயும் என்பதால்தான் அந்த ஏற்பாடு.

பின்னணி

ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர் 1970களின் தொடக்கத்தில் பாரிஸில் ஓர் ஒயின் கடையை வாங்கி நடத்திவந்தார். அதற்கு அருகிலேயே ஒயின் பற்றிக் கற்பிக்கும் பள்ளி ஒன்றையும் தொடங்கினார். அங்கே அவருடன் பணியாற்றியவர் பட்ரிசியா கல்லகர் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1976 அமெரிக்க விடுதலையின் இருநூறாவது ஆண்டு. அதை ஒட்டி, பிரான்ஸில் யாரும் பெரிதாக மதிக்காத கலிபோர்னிய ஒயின்களைப் பாரிஸ் வல்லுநர்களுக்கு அறிமுகம் செய்யலாம் என்ற எண்ணம் இருவருக்கும் தோன்றியது.

அந்நாளில் கலிபோர்னியாவைப் பிரெஞ்சுக்காரர்கள் பொருட்படுத்தாததற்குக் காரணம் இருந்தது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நடைமுறையில் இருந்த மதுவிலக்குச் சட்டத்தால் அங்கே ஒயின் தொழில் நொடித்துப்போனது. நாபா பள்ளத்தாக்கில் தரமான ஒயின் தயாரிப்பு 1960களில்தான் மீண்டும் சூடுபிடித்தது. மாறாக, பிரான்ஸின் போர்தோ பகுதி ஒயின்களுக்கு 1855இலேயே அதிகாரபூர்வமான தரவரிசை வகுக்கப்பட்டுவிட்டது. அந்த வரிசையில் பின்னர் நடந்த பெரிய மாற்றம், 1973இல் மூட்டோன் ரோத்ஷில்ட் ஒயினை முதல் தரத்துக்கு உயர்த்தியது ஒன்றுதான்.

கலிபோர்னியாவிலிருந்து பிரான்ஸுக்குச் சுற்றுலா வந்த ஒயின் தயாரிப்பாளர் குழு ஒன்று, போட்டிக்கான புட்டிகளைத் தங்கள் பயணச் சுமையோடு விமானத்தில் கொண்டுவந்து சேர்த்தது.

நடுவர்கள்

நடுவர்கள் ஒன்பது பேரும் தத்தம் துறையில் முதன்மையானவர்கள். பிரெஞ்சு ஒயின் இதழின் ஆசிரியர் ஒடெட் கான், ரோமனே-கோந்தி பண்ணையின் ஒபேர் த விலேன், போர்தோவின் ழிஸ்கூர் பண்ணை உரிமையாளர் பியேர் தாரி, தையவான் உணவகத்தின் ழான்-குளோத் வ்ரினா, தூர் தர்ழான் உணவகத்தின் ஒயின் பொறுப்பாளர் கிறிஸ்தியான் வன்னெக்கே, லெ கிரான் வெஃபூர் உணவகத்தின் ரேமோன் ஒலிவர் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். ஸ்பரியரும் கல்லகரும்கூட மதிப்பெண் இட்டனர். ஆனால் அவை கணக்கில் சேர்க்கப்படவில்லை.

கலிபோர்னிய ஒயின்களைச் சுவைக்கவே நடுவர்கள் அழைக்கப்பட்டிருந்தனர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில பிரெஞ்சு ஒயின்களும் கலந்துள்ளன என்றும், பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளன என்றும் அங்கு வந்த பிறகே ஸ்பரியர் தெரிவித்தார். யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

வெள்ளை ஒயின்

முதலில் ஷார்டொனே திராட்சையில் செய்த பத்து வெள்ளை ஒயின்கள் வந்தன. அவற்றில் ஆறு கலிபோர்னியாவைச் சேர்ந்தவை, நான்கு பிரான்ஸின் பர்கண்டி பகுதியைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் 20க்கு மதிப்பெண் இட வேண்டும்.

அங்கே இருந்த ஒரே பத்திரிகையாளர் டைம் வார இதழின் பாரிஸ் செய்தியாளர் ஜார்ஜ் டேபர். எந்த எண்ணில் எந்த ஒயின் என்ற பட்டியல் அவர் கையில் இருந்தது. நடுவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டவருக்கு வியப்பு. ரேமோன் ஒலிவர் ஒரு கோப்பையைச் சுவைத்துவிட்டு, அப்பாடா, மறுபடி பிரான்ஸுக்கு வந்துவிட்டோம் என்ற பொருளில் மகிழ்ந்தார். அவர் கையில் இருந்ததோ நாபாவின் ஒயின்.

கூட்டிப் பார்த்தபோது, நாபாவின் சட்டோ மொன்டெலினா 1973 ஒயின் 132 மதிப்பெண்ணுடன் முதலிடம் பெற்றிருந்தது. பர்கண்டியின் மெர்சோ-ஷார்ம் 126.5 பெற்று இரண்டாவது. மூன்றாம், நான்காம் இடங்களும் கலிபோர்னியாவுக்கே. மொன்டெலினா ஒயினைத் தயாரித்தவர் மைக் கிர்கிச். குரோஷியாவில் பிறந்து 1958இல் அமெரிக்காவில் குடியேறியவர் அவர்.

சிவப்பு ஒயின்

வெள்ளை ஒயின் முடிவுகளை, சிவப்பு ஒயின் வருவதற்கு முன்பே ஸ்பரியர் அறிவித்துவிட்டார். தேர்வு நடத்தும் முறைப்படி பார்த்தால் இது குறைதான். அடுத்த சுற்றில் நடுவர்கள் உஷாராகிவிட்டனர். பிரெஞ்சு ஒயின் எது என்று கண்டுபிடித்து அதற்குக் கூடுதல் மதிப்பெண் இட முயன்றிருக்க வாய்ப்பு உண்டு.

இச்சுற்றில் ஆறு கலிபோர்னிய ஒயின்களும் போர்தோவின் நான்கு ஒயின்களும் இடம்பெற்றன. 127.5 மதிப்பெண்ணுடன் நாபாவின் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ் 1973 முதலிடம் பிடித்தது. மூட்டோன் ரோத்ஷில்ட் 1970 இரண்டாவது, மதிப்பெண் 126. மூன்றாம் இடம் ஓ-பிரியோனுக்கும் நான்காம் இடம் மோன்ரோஸுக்கும் கிடைத்தன. கலிபோர்னியாவின் ரிட்ஜ் மான்டே பெல்லோ 1971 ஐந்தாவதாக வந்தது.

ஸ்டாக்ஸ் லீப் ஒயினைத் தயாரித்த வாரன் வினியார்ஸ்கி முன்பு சிகாகோ பல்கலைக்கழகத்தில் பயிற்றுவித்தவர். வென்ற ஒயின், 1970இல் நட்டு மூன்றே ஆண்டு வளர்ந்த கொடிகளின் பழத்திலிருந்து வந்தது.

முடிவு தெரிந்ததும் ஒடெட் கான் தம் மதிப்பெண் தாளைத் திருப்பித் தருமாறு கேட்டார். ஸ்பரியர் மறுத்துவிட்டார்.

செய்தி பரவிய விதம்

1976 ஜூன் 7 தேதியிட்ட டைம் இதழில் டேபர் எழுதிய சிறு செய்தி வெளிவந்தது. பாரிஸ் தீர்ப்பு என்பது அதன் தலைப்பு. கிரேக்கத் தொன்மத்தில் மூன்று தேவியருள் அழகி யார் என்று தீர்ப்புச் சொன்ன டிராய் இளவரசனின் பெயரும் பாரிஸ். அந்தத் தீர்ப்பு ஒரு பெரும்போருக்கு வித்திட்டது என்பது கதை. நகரின் பெயரும் இளவரசனின் பெயரும் ஒன்றாக அமைந்ததால் தலைப்பு நிலைத்துவிட்டது. பிரெஞ்சு நாளிதழ்கள் இந்நிகழ்வைப் பல மாதங்கள் கழித்தே கண்டுகொண்டன.

மதிப்பெண் பற்றிய கேள்விகள்

சிவப்பு ஒயினில் முதல் இரண்டு இடங்களுக்கு இடையே இருந்த வேறுபாடு ஒன்றரை மதிப்பெண். ஒன்பது பேரில் ஒரே ஒருவர் மூட்டோனுக்கு இரண்டு மதிப்பெண் கூடுதலாக இட்டிருந்தால் வரலாறு வேறாகியிருக்கும். மேலும், வென்ற ஸ்டாக்ஸ் லீப் ஒயினுக்கே ஒரு நடுவர் 10 மதிப்பெண்ணும் இன்னொருவர் 16.5 மதிப்பெண்ணும் அளித்தனர். ஒரே கட்டுரைக்கு இரண்டு ஆசிரியர்கள் இடும் மதிப்பெண் எவ்வளவு விலகும் என்பதை விடைத்தாள் திருத்தும் முகாமில் அமர்ந்தவர்கள் அறிவார்கள். ஆறு ஒயின்களை இறக்கியவர்களுக்கு, நான்கு ஒயின்களை இறக்கியவர்களைவிட முதலிடம் பெறும் வாய்ப்பு அதிகம் என்ற குறையும் சொல்லப்பட்டது.

பின்னர் வந்த ஆய்வுகள் இந்த ஐயத்தை வலுப்படுத்தின. போர்தோவில் ஒயின் படிப்புப் பயின்ற 54 மாணவர்களிடம், மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயின் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தனர். இந்த ஆய்வு 2001இல் வெளியானது. ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் கலிபோர்னியப் போட்டி ஒன்றில், ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய ஒயினை நடுவர்களுக்கே தெரியாமல் மூன்று முறை கொடுத்துப் பார்த்தார். ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான் மூன்று முறையும் ஒத்த மதிப்பெண் இட்டார். இது 2008இல் வெளியானது.

ஆகவே 1976 முடிவை வைத்து, உலகின் தலைசிறந்த சிவப்பு ஒயின் ஸ்டாக்ஸ் லீப்தான் என்று சொல்ல முடியாது. அது உறுதியாகக் காட்டியது வேறொன்று. நாட்டின் தலைசிறந்த நாக்குகளுக்கும், பெயர்ச்சீட்டு இல்லாதபோது, பிரான்ஸையும் கலிபோர்னியாவையும் பிரித்தறிவது எளிதாக இல்லை. இதை நிறுவ ஒன்றரை மதிப்பெண் வேறுபாடுகூடத் தேவையில்லை.

மறுதேர்வுகள்

பிரெஞ்சு ஒயின்கள் இளமையில் தோற்றாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல மேம்படும், கலிபோர்னிய ஒயின்கள் அப்படி நிலைக்காது என்பது பிரெஞ்சுத் தரப்பின் வாதம். இதைச் சோதிக்க அதே சிவப்பு ஒயின்களை மீண்டும் சுவைத்தனர். 1986இல் நியூயார்க்கில் நடந்த சுவைப்பில், பத்தாண்டுக்கு முன் எட்டாம் இடத்தில் இருந்த கலிபோர்னியாவின் குளோ து வால் முதலிடத்துக்கு வந்தது. முப்பதாம் ஆண்டு நிறைவில், 2006 மே 24 அன்று, லண்டனிலும் நாபாவிலும் ஒரே நாளில் சுவைப்பு நடந்தது. ரிட்ஜ் மான்டே பெல்லோ முதலிடம் பெற்றது. முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே. ஒவ்வொரு தேர்விலும் முதல் மாணவன் மாறினான். ஆனால் மூன்று தேர்விலும் அவன் கலிபோர்னியப் பள்ளியைச் சேர்ந்தவனாகவே இருந்தான்.

விளைவுகள்

நல்ல ஒயின் பிரெஞ்சு மண்ணில்தான் விளையும் என்ற நம்பிக்கை தளர்ந்தது. பிரான்ஸுக்கு வெளியே இருந்த தயாரிப்பாளர்களுக்கு ஊக்கம் பிறந்தது. வென்ற இரு ஒயின்களின் புட்டிகளும் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. இந்நிகழ்வைத் தழுவி 2008இல் பாட்டில் ஷாக் என்ற திரைப்படமும் வந்தது. ஸ்பரியர் 2021 மார்ச்சில் காலமானார்.

இன்றைய வழக்கம்

வல்லுநர்களின் சோதனையாக இருந்த இம்முறை இன்று மேலை நாடுகளில் நண்பர்களின் விருந்து விளையாட்டாகவும் ஆகிவிட்டது. ஆறேழு பேர் ஓர் உணவகத்தில் கூடுவர். ஆளுக்கொரு புட்டியைப் பையில் சுற்றிக் கொண்டுவருவர். வெளியிலிருந்து கொண்டுவரும் புட்டியைத் திறந்து ஊற்றுவதற்கு உணவகம் தனிக் கட்டணம் வாங்கும். சாப்பாட்டோடு ஒவ்வொன்றையும் சுவைத்து, எந்தத் திராட்சை, எந்த நாடு, எந்த ஆண்டு என்று ஊகித்து எழுதிய பிறகே பைகளைக் கழற்றுவர். விலை மலிந்த புட்டியை எல்லாரும் ஒருமனதாகப் புகழ்ந்துவிடுவதும், அதிக விலை கொடுத்து வாங்கி வந்தவர் தம் புட்டிக்கே குறைந்த மதிப்பெண் இட்டுவிடுவதும் இதில் நேரக்கூடியவை. அங்கே அது சிரிப்போடு முடிந்துவிடும். 1976இல் ஒன்பது பேர் தங்கள் தொழிலையும் நாட்டுப் பெருமையையும் வைத்து அதே விளையாட்டை ஆடினார்கள். இட்ட மதிப்பெண்ணைத் திரும்பப் பெற அவர்களுக்கு வழி இருக்கவில்லை.