எரிந்த நூலகமும் எஞ்சிய படிகளும்

1981-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. கட்டடம் பின்னர்ப் புதுக்கப்பெற்றது; நூலை மீட்பதற்கோ வேறொரு படி வேண்டும். ஓலைச்சுவடிக்கு அஃது அரிது. அச்சு நூலுக்கு எங்கேனும் ஒன்று எஞ்சியிருக்கும்.

படி குறைந்தால் மீட்பும் குறையும் என்பதற்குப் பதிற்றுப்பத்தே சான்று. உ. வே. சாமிநாதையர் 1904-இல் அதனைப் பதிப்பித்தபோது முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைத்தில. அவற்றைச் சேர்ந்தனவாகக் கருதப்படும் சில பாடல்களே, பழைய உரைகளிலும் தொகைநூலிலும் மேற்கோளாக நின்றமையால் தப்பின.

ஈழத்து நூல்களை 2005 முதல் 'நூலகம்' என்னும் தன்னார்வ முயற்சி மின்படிகளாக்கி வருகின்றது. அதற்கு வேண்டுவன எஞ்சிய படிகளே.

ஆங்கிலேயர் ஆட்சியில் யாழ்ப்பாணத்தார் பலர் மலாயாவின் இரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் எழுத்தர்களாக வந்தனர். அன்று தெலுக் ஆன்சன் என வழங்கிய நம் தெலுக் இந்தானிலும், பழைய வீட்டுப் பெட்டியொன்றில் ஈழத்து நூல் ஒன்று கிடத்தல் கூடும். அதனைப் பழைய தாளென்று எடைக்குப் போடுமுன் ஆசிரியப் பெருமக்கள் முகப்பேட்டைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாணம் இழந்த நூலின் படி அதுவாகவும் இருக்கலாம் அன்றோ?